பெண்ணையும் ‘பிரதர்’ என்பார்கள்!

அமெரிக்க மருந்துக் கல்லூரிகளில் ஓர் அதிசயச் சங்கம்

இரவு மணி 11.

கல்லூரி நூலகத்தில் ஒரு மூலையில் விளக்கு எரிகிறது. மேஜை மீது சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மருந்தின் பெயர். அட்டையைத் திருப்பினால், அது எந்த நோய்க்கு உரியது என்று எழுதி இருக்கும்.

முதல் ஆண்டு மாணவி ஒருத்தி அந்த அட்டைகளை எடுத்து எடுத்துப் படிக்கிறாள். மறுநாள் பரீட்சை. தூக்கத்தில் கண் சொருகுகிறது.

"ஹைட்ராலசின்... அரிப்புக்குக் கொடுப்பது" என்கிறாள்.

"தப்பு!" என்கிறான், எதிரே இருக்கும் மூத்த மாணவன். "அது ரத்தக் கொதிப்பு மருந்து. அரிப்புக்குக் கொடுப்பது ஹைட்ராக்சிசின். எங்கே, மறுபடி சொல்லு பிரதர்!"

பிரதரா? ஒரு பெண்ணைப் பார்த்தா?

ஆமாம்! அமெரிக்காவில் உள்ள மருந்துக் கல்லூரிகளில் இது சகஜம். இந்த மாணவியையும் மாணவனையும் போன்றவர்களை அங்கே பல கல்லூரிகளில் பார்க்கலாம். இருவரும் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மாதிரி சங்கத்துக்கு ‘ஃபிரட்டர்னிட்டி’ என்று பெயர். அதாவது, சகோதரர் சங்கம். இதில் சேர்ந்தவர் ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி, எல்லோரும் ‘பிரதர்’தான்!

அது போகட்டும். அந்த மூத்த மாணவனுக்கும் படிப்பு இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கூடப் பிறக்காத ஒரு பெண்ணுக்கு அவன் ஏன் பாடம் சொல்கிறான்?

அதுதான் இந்தச் சங்கத்தின் கதை.

ஒரு புள்ளியில் ஓர் உயிர்

மருந்துப் படிப்பு என்றால் லேசான படிப்பு அல்ல. அமெரிக்காவில் மருந்தாளர் ஆவதற்குப் பெரும்பாலும் 6 ஆண்டுகள் படிக்க வேண்டும். சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும். ரசாயனம் படிக்க வேண்டும். உடம்பைப் பற்றிப் படிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மருந்துகளின் பெயர், அளவு, குணம், கெடுதல் எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கடைகளிலும் பயிற்சி. அதற்குப் பிறகும் உரிமம் பெறத் தனிப் பரீட்சை! செலவும் ஏராளம். படித்து முடிக்கும்போது பல பேருக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் இருக்கும்.

"மாத்திரையை எண்ணிக் கொடுக்க இவ்வளவு படிப்பா?" என்று நீங்கள் கேட்கலாம்.

எண்ணுவது சுலபம்தான். ஒரு தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, தட்டையான கத்தி போன்ற ஒரு கருவியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவார்கள். அதைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும்.

ஆனால் இதைக் கேளுங்கள். ஒரு மில்லிகிராம் மருந்து தர வேண்டும். சீட்டில் 1.0 என்று எழுதி இருக்கிறது. நடுவில் உள்ள புள்ளி மங்கிப் போனால் என்ன ஆகும்? 1 என்பது 10 ஆகிவிடும்! நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்ச் சேரும். அதனால்தான், "ஒன்று என்றால் 1 என்று மட்டும் எழுது. புள்ளியும் வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம்" என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

மாணவி குழம்பிய அந்த இரண்டு மருந்துகளையும் பாருங்கள். பெயரில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி! ஆனால், அரிப்புக்கு வந்தவர் கையில் ரத்தக் கொதிப்பு மருந்தைக் கொடுத்தால், ரத்த அழுத்தம் இறங்கி அவர் மயங்கி விழலாம்.

டாக்டர் எழுதிய சீட்டில் தப்பு இருந்தாலும், அதைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டியவர் மருந்தாளர். நோயாளிக்கு முன்னால் உள்ள கடைசிக் காவல்காரர் அவர்.

பரீட்சையில் தப்பு செய்தால் மார்க் போகும். கடையில் தப்பு செய்தால் உயிரே போகலாம்!

11 மாணவர்கள்

இனி, சங்கம் பிறந்த கதைக்கு வருவோம்.

மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர். அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மருந்துக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர் ஆல்பர்ட் பிரெஸ்காட்.

அந்தக் காலத்தில் மருந்துத் தொழிலைக் கடையில்தான் கற்றுக்கொள்வார்கள். ஒரு முதலாளியிடம் எடுபிடியாகச் சேர்ந்து, சில ஆண்டுகள் மருந்து இடித்துப் பழக வேண்டும். பிரெஸ்காட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "முதலில் மாணவன் சோதனைச் சாலையில் தன் கையால் செய்து பார்த்துப் படிக்கட்டும்" என்பது அவர் கொள்கை. கடை அனுபவம் இல்லாதவர்களையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

மற்றவர்களுக்குக் கோபம் வந்தது. 1871-ம் ஆண்டு அமெரிக்க மருந்தாளர் சங்கத்தின் கூட்டம் நடந்தது. பிரெஸ்காட் போனார். அவரைக் கல்லூரியின் பிரதிநிதியாக ஏற்கவே மறுத்துவிட்டார்கள்!

அவர் சளைக்கவில்லை. தம் வழியிலேயே நடந்தார். பிற்காலத்தில் மற்றக் கல்லூரிகளும் அந்த வழிக்கு வந்தன. கதவைச் சாத்திய அதே சங்கத்துக்கு அவரே தலைவரும் ஆனார்!

இந்தக் கல்லூரியில்தான் 1883-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி 11 மாணவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பிரெஸ்காட் அவர்களுக்கு ஊக்கம் கொடுத்தார். அந்தச் சங்கத்துக்கு இப்போது ‘ஃபை டெல்டா கை’ என்று பெயர்.

மூன்றும் கிரேக்க எழுத்துகள். ‘கை’ என்பது நம்முடைய கை அல்ல! ஆனாலும் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால், அவர்கள் குறிக்கோளின் பொருள் இதுதான்: ஒவ்வொருவருக்கும் மற்றவர் உதவி தேவை.

கிளைகளுக்கும் கிரேக்க எழுத்துகளே பெயர். முதல் கிளை ‘ஆல்பா’. அடுத்தது ‘பீட்டா’. கிரேக்க மொழியில் 24 எழுத்துகள்தான் உண்டு. அவை தீர்ந்து போனதும் இரட்டை எழுத்தாகத் தொடங்கிவிட்டார்கள்!

மூடிய கதவுகள்

சகோதரர் சங்கம் என்றார்களே தவிர, எல்லோரையும் சகோதரர்களாக நினைத்தார்களா? இல்லை.

பெண்களுக்கு இடம் இல்லை. யூதர்களைப் பல சங்கங்கள் சேர்க்கவில்லை. கறுப்பு இன மாணவர்களுக்கும் கதவு மூடியே இருந்தது.

வெளியே நின்றவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. தாங்களே சங்கம் கண்டார்கள்.

பாஸ்டன் நகரின் மருந்துக் கல்லூரியில் எத்தல் ஹீத் என்ற அம்மையார் நூலகராக இருந்தார். 1913-ம் ஆண்டு அவர் 8 மாணவிகளை அழைத்து ஒரு சங்கம் தொடங்கினார். அதுவே ‘லாம்டா கப்பா சிக்மா’. அதே 1913-ல் வாஷிங்டன் நகரில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், கறுப்பு இனத்தைச் சேர்ந்த டாக்டர்களும் பல் டாக்டர்களும் மருந்தாளர்களும் ‘கை டெல்டா மியூ’ என்ற சங்கத்தில் ஒன்று கூடினார்கள். 1919-ல் பிலடெல்பியா நகரில் யூத மாணவர்கள் ‘ஆல்பா ஜீட்டா ஒமேகா’ சங்கத்தை அமைத்தார்கள்.

1972-ல் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் பெறும் கல்விக் கூடங்களில் ஆண் பெண் வேற்றுமை காட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். தொழில் சார்ந்த மாணவர் சங்கங்களையும் அது விடவில்லை. 1970-களில் ஃபை டெல்டா கை சங்கமும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது.

உள்ளே வந்த பெண்களை எப்படி அழைப்பது? பெயரை மாற்றவில்லை. "நீங்களும் பிரதர்தான்!" என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் யார்?

புதிதாகச் சேர விரும்பும் மாணவர் உடனே உறுப்பினர் ஆகிவிட முடியாது. சில வாரம் பழக வேண்டும். சங்கத்தின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். தொண்டு செய்ய வேண்டும். எல்லோருடைய பெயரும் முகமும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் உறுதிமொழிச் சடங்கு. அந்த அறைக்குள் என்ன நடக்கும்? கேட்டால் சிரிப்பார்களே தவிர, சொல்ல மாட்டார்கள்!

சடங்கை விடச் சுவையானது, அண்ணன் தேடும் படலம்.

ஒவ்வொரு புது மாணவருக்கும் ஒரு மூத்த மாணவரை ‘அண்ணன்’ ஆக்குவார்கள். ஆனால் யார் என்று சொல்ல மாட்டார்கள். அறை வாசலில் திடீரென்று ஒரு பொட்டலம் இருக்கும். உள்ளே தின்பண்டம், பேனா, ஒரு துண்டுச் சீட்டு. "நான் யார்? கண்டுபிடி பார்க்கலாம்!" என்று எழுதி இருக்கும். ஒரு நாள் இரவு எல்லோர் முன்னிலையிலும் அண்ணன் முகம் காட்டுவார். ஒரே ஆரவாரம்!

அண்ணனுக்கு ஓர் அண்ணன், அவருக்கும் ஓர் அண்ணன் என்று வம்சாவளி எழுதி வைத்துக்கொள்வார்கள். முன்பே படித்து முடித்துப் போனவர்களும் அதில் இருப்பார்கள். வேலை தேடும்போது அந்தப் பழைய ‘அண்ணன்’மார் உதவுவது உண்டு.

பரீட்சையில் தோற்ற ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். வீடு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறது. அப்பா அம்மாவிடம் சொல்ல வெட்கம். ‘படிப்பே வேண்டாம், ஊருக்குப் போய்விடலாம்’ என்று பெட்டியைக் கட்டுகிறான். அந்த நேரத்தில், "நானும் இதே பாடத்தில் தோற்றவன்தான். வா, சேர்ந்து படிப்போம்" என்று ஒருவன் வந்து நின்றால், கட்டிய பெட்டியை அவிழ்க்க மாட்டானா?

ராகிங் உண்டா?

‘இதில் ராகிங் உண்டா?’ என்று பெற்றோர் மனதில் ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் கேளிக்கைக்கென்றே உள்ள மாணவர் சங்கங்களும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் கொடுமைகள் நடந்தது உண்டு. 2017-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் 19 வயது மாணவர் ஒருவர் அப்படி ஒரு சங்கத்தில் சேரப் போனார். அளவு கடந்து குடிக்க வைத்தார்கள். படிக்கட்டில் விழுந்தார். கூட இருந்தவர்கள் பல மணி நேரம் உதவிக்கு ஆள் அழைக்கவில்லை. அவர் இறந்தே போனார்! அதன் பிறகு அந்த மாநிலத்தில் கடுமையான சட்டம் வந்தது. 2024-ல் நாடு முழுவதற்குமே ஒரு சட்டம் வந்தது.

மருந்து மாணவர் சங்கங்கள் தங்கள் விதிகளில் ராகிங்கைத் தடை செய்திருக்கின்றன. விதி மட்டும் போதாது. மூத்தவர்கள் தினமும் அதை மனதில் வைத்து நடக்க வேண்டும். தம்பியை வதைக்கிறவன் அண்ணன் ஆவானா?

பழுப்புப் பையும் மிட்டாயும்

படிப்போடு தொண்டும் உண்டு.

முதியவர்களை ஒரு நாள் வரச் சொல்வார்கள். "வீட்டில் உள்ள மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்" என்பார்கள். பாட்டிகளும் தாத்தாக்களும் பழுப்புக் காகிதப் பையோடு வருவார்கள். மாணவர்கள், ஆசிரியர் மேற்பார்வையில், ஒவ்வொரு புட்டியாக எடுத்துப் பார்ப்பார்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும்! காலம் கடந்த மாத்திரையும் இருக்கும்! எதை நிறுத்தலாம் என்று டாக்டரைக் கேட்கச் சொல்லி அனுப்புவார்கள்.

மார்ச் மாதத்தில் ‘விஷத் தடுப்பு வாரம்’ வரும். 1962 முதல் நாடு முழுவதும் இது நடக்கிறது. மாணவர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போவார்கள். மிட்டாயையும் மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது மிட்டாய்?" என்று குழந்தைகளைக் கேட்பார்கள். குழந்தைகள் திகைப்பார்கள். பெரியவர்களே திகைப்பார்கள்! நம் வீட்டிலும் மாத்திரைப் புட்டி குழந்தைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஃபை டெல்டா கை சங்கத்தார் மெம்பிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டுகிறார்கள். நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ் 1962-ல் தொடங்கி வைத்த ஆஸ்பத்திரி அது. புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அங்கே சிகிச்சை நடக்கிறது. பெற்றோரிடம் பணம் கேட்பது இல்லை.

"கொஞ்சம் பார்த்துச் சொல்!"

இவ்வளவையும் விடப் பெரிய பாடம் ஒன்று இந்தச் சங்கத்தில் கிடைக்கிறது.

தனியாக இருப்பவன் தன் சந்தேகத்தை மறைப்பான். ‘கேட்டால் கேலி செய்வார்களோ’ என்று பயப்படுவான். மருந்துத் தொழிலில் அந்தப் பயம் ஆபத்தானது. சந்தேகம் வந்தால் வாய் திறந்து கேட்க வேண்டும். இன்சுலின் போன்ற மருந்தை ஒருவர் அளந்தால், இன்னொருவர் சரி பார்க்கும் வழக்கம் பல ஆஸ்பத்திரிகளில் உண்டு. "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கொஞ்சம் பார்த்துச் சொல்" என்று கேட்பது அவமானம் அல்ல, அதுவே கடமை.

மாணவப் பருவத்தில் அண்ணனிடம் கேட்டுப் பழகியவனுக்கு, நாளை கடையில் நிற்கும்போதும் கேட்க நா எழும்.

நூலகத்தில் மணி 12 ஆகிவிட்டது.

"ஹைட்ராக்சிசின், அரிப்புக்கு. ஹைட்ராலசின், ரத்தக் கொதிப்புக்கு" என்கிறாள் மாணவி. இந்தத் தடவை தடுமாறவில்லை.

மூத்த மாணவன் அட்டைகளை அடுக்கி வைக்கிறான். அடுத்த ஆண்டு அந்த மாணவிக்கும் ஒரு ‘தம்பி’ வருவான். அப்போது, மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

பெயர் தெரியாத ஒரு நோயாளி, என்றோ ஒரு நாள், சரியான மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். தமக்காக இரண்டு பேர் ஓர் இரவு கண் விழித்தது அவருக்குத் தெரியவே தெரியாது!