வினைக்கேற்ற கணினி

நுழையும்முன்

ஒருகாலத்தில் அலுவலகக் கருவியாக மட்டுமே இருந்த கணினி, இன்று வீட்டு மேசையின்மீதே விளையாட்டுக் களமாகவும் ஒளிபரப்பு நிலையமாகவும் படத்தொகுப்புக் கூடமாகவும் விளங்குகிறது. இம்மூன்று பணிகளுக்கும் கணினி வேண்டும். ஆனால், மூன்றும் கணினியிடம் வேண்டுவது ஒன்றன்று. வினையின் தன்மையை அறிந்து கருவியைத் தேர்ந்தெடுக்கும் நெறியை இப்பாடம் விளக்குகிறது.

திருமண நிகழ்வுகளைப் படம்பிடித்துத் தொகுத்துத் தரும் தொழிலைத் தொடங்க விரும்பும் இளைஞர் ஒருவரைக் கருதிக்கொள்வோம். பெற்றோர் சீட்டுப் பணத்தை எடுத்துக் கணினி வாங்கத் தருகின்றனர். கடையில் வண்ண விளக்குகள் ஒளிரும் கணினி ஒன்று அவர் கண்ணைக் கவர்கிறது. அதில் விலையுயர்ந்த வரைகலை அட்டை உள்ளது. பணத்தின் பெரும்பகுதி அதற்கே சென்றுவிட்டதால் நினைவகம் 8 ஜிகாபைட் அளவில் நின்றுவிடுகிறது. சேமிப்பகம் சுழலும் வன்தட்டாக அமைகிறது. வீட்டுக்கு வந்த கணினியில் விளையாட்டுகள் ஓரளவு நன்றாகவே ஓடுகின்றன. தொகுப்புப் பணியோ ஒவ்வொரு வெட்டுக்கும் தயங்கி நிற்கிறது. ஒப்புக்கொண்ட நாளில் படத்தை முடித்துத் தர இயலவில்லை. கணினியில் பழுது ஏதுமில்லை. தேர்வில்தான் பழுது நேர்ந்தது.

திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்றோர் அதிகாரம் உண்டு. செயலின் தன்மையையும் அதனைச் செய்வாரின் தகுதியையும் ஆராய்ந்தே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆட்களுக்குக் கூறப்பட்ட அந்நெறி கருவிகளுக்கும் பொருந்தும்.

உறுப்புகளும் பொறுப்புகளும்

திருமண வீட்டுச் சமையற்கூடத்தை எண்ணிப் பார்த்தால் கணினியின் உறுப்புகள் எளிதில் விளங்கும். எதை முதலில் செய்வது, எதைப் பின்னர்ச் செய்வது என்று முடிவெடுத்து அனைவரையும் இயக்குபவர் தலைமைச் சமையலர். கணினியில் இப்பொறுப்பு மையச் செயலகத்துக்கு உரியது. ஒரே வகையான வேலையைப் பலர் ஒருங்கே அமர்ந்து செய்யும் காய் நறுக்குவோர் குழுவைப் போன்றது வரைகலைச் செயலி. நறுக்கியவற்றைக் கைக்கு எட்டும் வகையில் பரப்பிவைக்கும் மேடை நினைவகம். அரிசி, பருப்பு மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும் உக்கிராண அறை சேமிப்பகம். கோட்டை அடுப்பின் தீயைப்போல் எல்லாவற்றுக்கும் ஆற்றல் தருவது மின்வழங்கி.

தலைமைச் சமையலர் எத்துணைத் திறமையானவராயினும் உக்கிராணத்திலிருந்து பொருள் வரத் தாமதமானால் பந்தி தாமதமாகும். மேடை சிறிதாயின் காய் நறுக்குவோர் கைகட்டி நிற்பர். இதனை மனத்திற்கொண்டு மூன்று பணிகளையும் தனித்தனியே காண்போம்.

விளையாட்டு: நொடிக்கு அறுபது படங்கள்

கணினி விளையாட்டில் திரையில் தோன்றும் அசைவு, முன்னரே எடுத்துவைத்த படமன்று. ஆடுபவரின் கையசைவுக்கேற்ப அவ்வப்போது வரையப்படுவது. நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒரு படத்தை வரையக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி மட்டுமே. அதற்குள் பந்து எங்கு விழும், எதிராளி எப்பக்கம் நகர்வார் என்பவற்றை மையச் செயலகம் கணக்கிடுகிறது. அக்காட்சியின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தையும் நிழலையும் வரைகலைச் செயலி தீட்டுகிறது.

முழு உயர்தெளிவுத் திரை ஒன்றில் அகலவாக்கில் 1920 புள்ளிகளும் உயரவாக்கில் 1080 புள்ளிகளும் உள்ளன. அவற்றைப் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ‘4கே’ எனப்படும் 3840 x 2160 திரையில் இது நான்கு மடங்காகிறது. புள்ளிகள் பெருகும்போது சுமை ஏறுவது பெரும்பாலும் வரைகலைச் செயலியின்மீதே. எனவே, விளையாட்டுக்கான கணினியில் வரைகலை அட்டைக்கு முதலிடம் தருவது முறையாகும். ஆனால், நொடிக்கு 144 படங்கள் போன்ற மிகு வேகத்தை நாடும்போது மையச் செயலகமும் ஈடுகொடுக்க வேண்டும்.

திரையையும் மறத்தல் கூடாது. நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும் திரையில், கணினி 120 படங்களை வரைந்தாலும் கண்ணுக்கு அவ்வளவும் வந்துசேர்வதில்லை. நினைவகத்தைப் பொறுத்தவரை இன்றைய விளையாட்டுகள் பலவற்றுக்கு 16 ஜிகாபைட் போதுமானது. அதனை ஒரே பட்டையாக வாங்குவதைவிட 8 ஜிகாபைட் பட்டைகள் இரண்டாகப் பொருத்துவது நன்று. தரவு இரு தடங்களில் ஒருங்கே செல்ல அது வழிசெய்கிறது.

தெரிந்து தெளிவோம்

1971ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1999ஆம் ஆண்டு என்விடியா நிறுவனம் ‘ஜீஃபோர்ஸ் 256’ என்னும் செயலியை வெளியிட்டு, அதனை வரைகலைச் செயலி என்று விளம்பரப்படுத்தியது. இன்றைய உயர்நிலை வரைகலைச் செயலிகளில் ஆயிரக்கணக்கான கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியுள்ளன.

நேரலை: சுருக்கி அனுப்பும் கலை

விளையாட்டையோ வகுப்பையோ நேரலையில் ஒளிபரப்புவோரின் கணினி, இரு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. ஒன்று, காட்சியை உருவாக்குதல்; மற்றொன்று, அதனைச் சுருக்கி இணையத்தில் அனுப்புதல். சுருக்குவதன் இன்றியமையாமையை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் எனக் கொண்டால், முழு உயர்தெளிவுப் படம் ஒன்றுக்கு 62,20,800 பைட் வேண்டும். நொடிக்கு 60 படங்கள் எனில் 37 கோடி பைட்டுக்கும் மேலாகும். அதாவது, ஏறத்தாழ 300 கோடி பிட். நேரலையிலோ இக்காட்சி நொடிக்கு 60 இலட்சம் பிட் அளவில், அதாவது 6 மெகாபிட் அளவில் அனுப்பப்படுவதுண்டு. ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது!

இப்பணியை மையச் செயலகமே செய்யுமாயின் விளையாட்டுக்கு வேண்டிய ஆற்றல் குறைந்துபோகும். ஆதலால், சுருக்குவதற்கென்றே தனிச் சுற்று அமைந்த செயலிகள் வந்தன. இன்டெல் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் ‘குயிக் சிங்க்’ என்னும் வசதியையும், என்விடியா 2012ஆம் ஆண்டில் ‘என்வென்க்’ என்னும் வசதியையும் தம் செயலிகளில் கொண்டுவந்தன. நேரலைக்குக் கணினி வாங்குவோர், இத்தகைய தனிச் சுற்று உள்ளதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இணைய இணைப்பில் விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் பதிவிறக்க வேகமே. நேரலைக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். 6 மெகாபிட் அனுப்புவதற்கு அதைவிடக் கூடுதலான, நிலையான பதிவேற்ற வேகம் தேவை. அது குறைவாயின், எவ்வளவு உயர்ந்த கணினியும் நேரலையைக் காப்பாற்றாது. அதுபோலவே நல்ல ஒலிவாங்கியும் முகத்தில் விழும் போதிய ஒளியும், விலையுயர்ந்த செயலியைவிட நேரலையின் தரத்தை மிகுதியாக உயர்த்துவதுண்டு.

தொகுப்பு: மேடையும் உக்கிராணமும்

காணொலித் தொகுப்பில் சுமை வேறு இடத்தில் விழுகிறது. நிழற்படக் கருவிகள் காட்சியைச் சுருக்கியே பதிவுசெய்கின்றன. 2003ஆம் ஆண்டு வெளிவந்த எச்.264, 2013ஆம் ஆண்டு வெளிவந்த எச்.265 ஆகியவை இதற்குப் பரவலாகப் பயன்படும் முறைகள். இவற்றில் எல்லாப் படங்களும் முழுமையாகச் சேமிக்கப்படுவதில்லை. சில படங்கள் முழுமையாகவும், ஏனையவை அவற்றிலிருந்து மாறுபட்ட பகுதிகளாகவும் பதிவாகின்றன. மாலை மாற்றும் காட்சியில் குறிப்பிட்ட ஒரு நொடியில் வெட்ட வேண்டுமாயின், கணினி அருகிலுள்ள முழுப் படத்தைத் தேடி எடுத்து, அடுத்தடுத்த மாற்றங்களைக் கூட்டிக் கணக்கிட்டே அந்த நொடியைக் காட்ட முடியும். மூன்று கருவிகளில் எடுத்த காட்சிகளை ஒருங்கே ஓட்டினால் இவ்வேலை மும்மடங்காகும்.

எனவே, தொகுப்புக் கணினிக்குப் பல கருக்கள் கொண்ட மையச் செயலகம், எச்.265 போன்ற முறைகளை விரிக்கும் தனிச் சுற்று, போதிய நினைவகம், விரைவான சேமிப்பகம் ஆகியவை தேவை. 4கே காட்சிகளைத் தொகுப்போருக்கு 32 ஜிகாபைட் நினைவகம் தக்கது. சுழலும் வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். சாட்டா வகைத் திண்மநிலைச் சேமிப்பகம் ஏறத்தாழ 550 மெகாபைட் படிக்கும். என்விஎம்இ வகையிலோ 3,500 மெகாபைட்டும் அதற்கு மேலும் இயலும். நடப்புப் பணியை விரைவான சேமிப்பகத்திலும், முடிந்த பணியை விலை மலிவான வன்தட்டிலும் வைப்பது சிக்கனமாகும். ஒருவரின் திருமணக் காட்சியை மீண்டும் எடுக்க இயலாது. ஆதலால், இரண்டு படிகளை வெவ்வேறு தட்டுகளில் வைப்பது தொழிலறம்.

பணம் செலவிடாமலே கிடைக்கும் தீர்வும் உண்டு. மூலக் காட்சிகளின் சிறிய பதிலிகளை உருவாக்கி, அவற்றில் வெட்டி ஒட்டி, இறுதியில் மூலத்தைக் கொண்டு படத்தை வெளியிடலாம். தொகுப்பு மென்பொருள்கள் பலவற்றில் இவ்வசதி உள்ளது.

குறுகிய வாயில்

ஐபிஎம் சிஸ்டம்/360 கணினியின் தலைமை வடிவமைப்பாளரான ஜீன் அம்டால், 1967ஆம் ஆண்டு ஓர் உண்மையை எடுத்துரைத்தார். செயலிகளை எத்தனை பெருக்கினாலும், அவற்றால் பகிர்ந்துகொள்ள முடியாத பகுதியே மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கும் என்பதே அது. பிற்காலத்தில் இது அம்டால் விதி எனப் பெயர்பெற்றது. ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால், மாறாத பகுதி தடையாக நிற்கும் என்று இதனைப் பொதுவாகக் கொள்ளலாம்.

ஒரு படத்தை வெளியிட 60 நிமிடம் ஆவதாகவும், அதில் 20 நிமிடம் கணக்கிடுவதிலும் 40 நிமிடம் வன்தட்டிலிருந்து தரவு வரக் காத்திருப்பதிலும் கழிவதாகவும் கொள்வோம். செயலியின் வேகத்தை இரு மடங்காக்கினால், 10 நிமிடம் குறைந்து 50 நிமிடமாகும். செயலியை மாற்றாமல் சேமிப்பகத்தின் வேகத்தை நான்கு மடங்காக்கினால், காத்திருப்பு 10 நிமிடமாகிப் பணி 30 நிமிடத்தில் முடியும். எதற்கு அதிகப் பணம் செலவானது என்பதன்று, எந்த வாயில் குறுகியது என்பதே கேள்வி.

புலப்படாத உறுப்புகள்

கடையில் எவரும் சுட்டிக்காட்டாத உறுப்புகள் இரண்டு. ஒன்று மின்வழங்கி. தரமற்ற மின்வழங்கி பழுதானால் தாய்ப்பலகையையும் வரைகலை அட்டையையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். உறுப்புகளின் மொத்தத் தேவையைக் கூட்டி, அதற்குமேல் சற்றுக் கூடுதலான வாட் கொண்ட, தரச்சான்று பெற்ற மின்வழங்கியை வாங்குதல் வேண்டும். மற்றொன்று குளிர்விப்பு. வெப்பம் எல்லை மீறும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடும் ஊர்களில், காற்றோட்டமில்லாப் பெட்டிக்குள் அடைபட்ட செயலிக்கு நாம் கொடுத்த விலைக்குரிய வேகம் கிடைப்பதில்லை. மடிக்கணினிகளில் இச்சிக்கல் மிகுதி. ஒரே பெயர் தாங்கிய வரைகலைச் செயலி, மேசைக்கணினியைவிட மடிக்கணினியில் குறைந்த மின்னாற்றலில் இயங்குவதால் அதன் வேகமும் குறைவாகவே இருக்கும்.

வாங்குமுன்

பணியை எழுதிக்கொள்ளுதல் முதற்படி. எந்த விளையாட்டு, எந்த மென்பொருள், எத்தகைய திரை என்பவற்றை எழுதிய பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும். மென்பொருள் நிறுவனங்கள் தம் மென்பொருளுக்கான குறைந்த அளவுத் தேவையையும் பரிந்துரைக்கும் தேவையையும் வெளியிடுகின்றன. பரிந்துரைக்கும் தேவையையே அளவாகக் கொள்ளுதல் நலம். பழைய கணினி இருப்பின், பணி நடக்கும்போது எந்த உறுப்பு முழுச் சுமையுடன் இயங்குகிறது என்பதை இயங்குதளத்தின் பணி மேலாளரில் காணலாம். பல நேரங்களில் ஒரு திண்மநிலைச் சேமிப்பகமும் கூடுதல் நினைவகப் பட்டையுமே பழைய கணினிக்குப் புத்துயிர் அளித்துவிடும். பணமும் மிஞ்சும், மின்னணுக் கழிவும் குறையும்.

தொடக்கத்தில் கண்ட இளைஞர் அதே தொகையில் நடுத்தர வரைகலை அட்டையையும், 32 ஜிகாபைட் நினைவகத்தையும், விரைவான சேமிப்பகத்தையும் தேர்ந்திருக்கலாம். வண்ண விளக்குகள் குறைந்திருக்கும். ஒப்புக்கொண்ட நாளில் படம் முடிந்திருக்கும். பெற்றோரின் சேமிப்புக்கு அவர் செலுத்தியிருக்கக்கூடிய நன்றியும் அதுவே ஆகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்திலுள்ள கணினி ஒன்றின் உறுப்புகளைப் பட்டியலிட்டு, அது எப்பணிக்கு ஏற்றது என்பதைக் காரணத்துடன் எழுதுக.

2. விளையாட்டு, நேரலை, தொகுப்பு ஆகிய மூன்றுக்கும் எந்தெந்த உறுப்புக்கு முதலிடம் தரலாம் என்பதை அட்டவணைப்படுத்துக.

3. ‘விலை உயர்ந்ததே சிறந்தது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.