அடுப்பு: ஒரு சொல்லும் அதன் சமூகப் பொருளும்

அன்றாடம் வழங்கும் சொற்கள் ஆய்வாளரின் கவனத்தை எளிதில் ஈர்ப்பதில்லை. 'அடுப்பு' அத்தகையதொரு சொல்லாகும். சமையற் கருவிகள் பலவற்றுக்குப் பொதுப்பெயராயமைந்த இச்சொல்லின் பொருளையும் வழக்கையும் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

'அடு' என்னும் வினையடியாகப் பிறந்தது அடுப்பு. சமைத்தல், கொல்லுதல் ஆகிய இரு பொருளும் பழந்தமிழில் அவ்வினைக்கு உண்டு. சமையலறையைக் குறிக்கும் அட்டில், அடுக்களை ஆகியன முதற்பொருளின்வழி வந்தவை. போர்க்களத்தைக் குறிக்கும் அடுகளம் இரண்டாம் பொருளின்வழி வந்தது.

இவ்விரு பொருளும் ஒருங்கே சந்திப்பதைப் புறநானூற்றிற் காணலாம். பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடிய 26ஆம் பாட்டில், வீழ்ந்த மன்னரின் முடிசூடிய தலைகளே களவேள்விக்கு அடுப்பாகின்றன. குமணனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய 164ஆம் பாட்டிலோ, சமையலையே மறந்த அடுப்பிற் காளான் பூத்திருக்கின்றது. பாலற்ற மார்பைச் சுவைத்தழும் குழந்தையுடன் புலவரின் மனைவி கண்ணீர் மல்க நிற்கின்றாள். தொகைநூல் ஒன்று, சொல்லும் ஒன்று. எனினும், வேந்தனுக்கு அது வெற்றியின் சின்னம். இரவலனுக்கோ பசியின் சான்று. சங்ககாலத்தைப் பொற்காலமெனப் போற்றுவோர் இவ்விரண்டாவது அடுப்பையும் மனங்கொள்ளல் வேண்டும்.

பிற்காலத்தில் எரிபொருள் மாறியபோதும் சொல் நிலைத்தது. மூன்று கற்களைக் கூட்டியும் மண்ணாற் பிடித்தும் அமைக்கப்பட்டதன் பெயர், விறகடுப்பு, உமியடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, எரிவாயு அடுப்பு, மின்னடுப்பு என அடைமொழிகள் பெற்று விரிந்தது. கருவி மாறிய அளவுக்கு உழைப்புப் பிரிவினை மாறவில்லை. 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்னும் வழக்குரை, பெண்ணின் கல்வியை மறுத்ததோடு, சமையலை அவளது இயல்பான கடமையாகவும் ஆக்கிற்று. ஊதுகுழல் வேண்டாத அடுப்புகள் வந்த பின்னரும் அவற்றின் முன் நிற்போர் பெரும்பாலும் பெண்களே.

'வீட்டில் அடுப்பெரியவில்லை' என்றால், பசி என்றே தமிழர் பொருள்கொள்வர். சாத்தனாரின் அடுப்பு உணர்த்திய பொருளும் இதுவே. 2022இல் இலங்கையில் எரிவாயுத் தட்டுப்பாடு முற்றியபோது, மக்கள் வெற்றுச் சிலிண்டர்களுடன் வரிசையில் நின்றனர். நகர்ப்புற வீடுகள் சிலவற்றில் விறகடுப்பு மீண்டும் புகைந்தது. விறகும் கிட்டாத வீடுகளில் அவ்வழக்குத் தொடர் தன் நேர்ப்பொருளையே பெற்றது.

ஆகவே, அடுப்பைச் சமையற் கருவியெனக் கூறும் அகராதிப் பொருள் பிழையன்று, ஆனால் நிறைவானதுமன்று. அதனை எரிப்பவரின் உழைப்பையும், அது எரியாத வீட்டின் வறுமையையும் சேர்த்து நோக்கும்போதே அச்சொல்லின் பொருள் முழுமை பெறுகின்றது.