மேரி டிலேனியின் காகித மலர்கள்

தாள்களை வெட்டித் துண்டின்மேல் துண்டாக ஒட்டி உருவாக்கும் ஓவியத்தைக் கொலாஜ், அதாவது ஒட்டுச்சித்திரம், என்பர். பிக்காசோவும் பிராக்கும் 1912இல் அதை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தனர் என்று கலை வரலாறு கூறினாலும், அதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே, 1772இல், இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற பெண்மணி தம் 72ஆம் வயதில் தாளால் மலர்களைப் படைக்கத் தொடங்கியிருந்தார். அவற்றுக்குக் 'காகித மொசைக்' என்று பெயரிட்டார்.

உயிருள்ள செடியை எதிரே வைத்துக்கொண்டு, முன்வரைவு எதுவுமின்றிக் கண்ணளவாகவே கத்தரித்து, கருமை தீட்டிய தாளின்மேல் ஒட்டுவது அவர் முறை. ஓவியர் வண்ணங்களைக் குழைத்துக் காட்டும் ஒளியையும் நிழலையும் அவர் அடுக்குகளால் காட்டினார்: இலை வடிவில் வெட்டிய ஒரு தாளின்மேல், அதே பச்சையின் சற்று வெளிறிய அல்லது அடர்ந்த சாயலில் மெல்லிய கீற்றுகளை ஒட்டும்போது, நரம்பும் மடிப்பும் வெயில் படும் விளிம்பும் தனித்தனியே எழுந்து நிற்கும். வேண்டிய நிறத்தில் தாள் கிடைக்காதபோது தாமே சாயமிட்டுக்கொண்டார். சிற்சில இடங்களில் நீர்வண்ணத்தால் நிறைவு செய்ததும் உண்டு. பேஷன் ஃப்ரூட் கொடியின் இனமான பாசிஃப்ளோரா லாரிஃபோலியாவின் பூ ஒன்றுக்கு மட்டும் 200க்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்ந்திருக்கின்றன. அப்பூவின் நடுவில் வட்டமாக விரியும் இழைகளை மயிரிழை போல் நறுக்கி ஒட்டிய பொறுமை வியக்கத்தக்கது.

இந்த நுட்பத்தை வெறும் கைத்திறனாகக் கருதுவது பொருந்தாது. மகரந்தம் தாங்கும் கேசரங்கள் எத்தனை, சூலகத்தின் அமைப்பு எத்தகையது என்பவற்றைக் கொண்டே தாவரங்களைப் பிரித்த லின்னேயஸின் வகைப்பாட்டு முறை அக்காலத்தில் பரவிவந்தது. அதை அறிந்திருந்த டிலேனி கேசரங்களை எண்ணியே வெட்டினார். இப்படைப்புகளை மட்டுமே பார்த்துப் பிழையின்றித் தாவர விளக்கம் எழுதலாம் என்று அறிஞர் ஜோசப் பேங்க்ஸ் கருதியதற்கு இக்கவனமே காரணம்.

ஆயிரத்தை எட்ட விரும்பிய அவர், கண்பார்வை மங்கியதால் 1782இல் பணியை நிறுத்தினார். எஞ்சிய 985 படைப்புகள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. செடியின் பெயரையும், செய்த நாளையும், இடத்தையும், செடியைத் தந்தவரையும் அவர் குறித்துவைத்தமையால், கியூ தோட்டத்திலும் செல்வர்களின் தோட்டங்களிலும் அன்று புதிதாக வந்து பூத்த அயல்நாட்டுச் செடிகள் எவை என்பதற்கும் அவை சான்றாகின்றன.