டேஷ்போர்டை ஆளும் திரைகள்

2024 நவம்பர் 26 அன்று சென்னையில் மகிந்திரா நிறுவனம் அறிமுகப்படுத்திய எக்ஸ்இவி 9இ என்னும் மின்சாரக் காரில், ஓட்டுநருக்கு முன் ஒன்று, நடுவில் ஒன்று, பக்கத்தில் அமர்பவருக்கு எதிரே ஒன்று என 12.3 அங்குலத் திரைகள் மூன்று, டேஷ்போர்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டிருந்தன. 1961 முதல் இதே நகரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் அந்த இடத்தை நிரப்பியவை முள் வைத்த மீட்டர்கள்.

பழைய ஸ்பீடோமீட்டரில், கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அது அருகிலுள்ள உலோகக் கிண்ணத்தில் தூண்டும் சுழல் மின்னோட்டம் கிண்ணத்தையும் அதனோடு இணைந்த முள்ளையும் திருப்பும். அந்த முள்ளுக்கு வேகத்தைத் தவிர வேறொன்றும் காட்டத் தெரியாது. இன்றைய காரிலோ உணரிகள் அனுப்பும் எண்களைப் பெற்றுக் கணினி படம் வரைவதால், வேகமும் வரைபடமும் பின்புறக் காட்சியும் ஒரே கண்ணாடியில் இடம் மாறி மாறித் தோன்றுகின்றன. பாட்டுச் செயலி முடங்கினாலும் வேகம் மறையக் கூடாது என்பதற்காக, ஒரே சில்லில் இரண்டு இயங்குதளங்களைத் தனித்தனியே ஓடவிடும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் இடையில் நிற்கிறது. சென்னையில் பொறியியல் மையம் நடத்தும் விஸ்டியன் நிறுவனம் எக்ஸ்யூவி 700 காருக்கு வழங்கிய ஸ்மார்ட்கோர் இவ்வகையைச் சேர்ந்தது.

திரையின் உண்மையான ஆதாயத்தைக் காண மயிலாப்பூர் மாடவீதிகளோ தியாகராய நகரின் உட்தெருக்களோ போதும். முன்னும் பின்னும் இரு பக்கக் கண்ணாடிகளின் அடியிலுமாகப் பொருத்திய நான்கு அகன்ற கோணக் கேமராக்களின் படங்களை வளைவு நீக்கி ஒட்டி, காரை மேலிருந்து பார்ப்பது போன்ற தோற்றத்தைக் கணினி உருவாக்குவதால், எந்தக் கண்ணாடியிலும் தெரியாத தெருவோரக் கல்லும் பூக்கூடையும் ஓட்டுநரின் பார்வைக்கு வந்துவிடுகின்றன.

ஆனால் ஏசியின் குளிரைக் கூட்டுவதையும் தொடுதிரைக்குள் ஒளித்துவைப்பதற்கு இந்த நியாயம் பொருந்தாது. பொத்தானை விரல் தடவியே கண்டுகொள்ளும்; வழவழப்பான கண்ணாடியில் கண்தான் தேட வேண்டும், அடையாறு பாலத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் இரண்டு நொடி கண்ணை எடுத்தால் கார் 22 மீட்டர் கடந்திருக்கும். பொத்தான்களை விடத் திரை மலிவு என்பதும், வடிவமைப்பைப் பின்னர் மென்பொருளாலேயே மாற்றலாம் என்பதும் தயாரிப்பாளருக்கான வசதிகளேயன்றி ஓட்டுநருக்கானவை அல்ல. 2022இல் ஸ்வீடனின் வி பில்யேகரே இதழ் 110 கிலோமீட்டர் வேகத்தில் நடத்திய சோதனையில், சில எளிய வேலைகளை முடிப்பதற்குள் பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வோல்வோ 306 மீட்டரும், தொடுதிரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் 1,372 மீட்டரும் ஓடின.

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் முழு மதிப்பெண் பெற இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருக்க வேண்டும் என்கிறது. சென்னையின் மே மாதத்தில் கை அடிக்கடி தேடும் ஏசி அந்தப் பட்டியலில் இல்லை.