வலை இழுக்கும் பாட்டு: உடப்பும் சிக்காகோவும்

உங்களுக்கு முன்னால் கடல், பின்னால் முந்தல் களப்பு. இந்த உடப்புக் கரையில் கரைவலையின் இரு கயிறுகளையும் இரு அணிகள் இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஏற்றுச் சொல்லும் நொடியில் எல்லாக் கைகளும் ஒன்றாய் இழுக்கும். இதுதான் அம்பா. சாமியை வேண்டும் அடிகளுக்கு நடுவே காதலும் கிண்டலும் வறுமையும் வரும்.

அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களும் இப்படியே ஒருவர் பாட, பலர் ஏற்றுப் பாடி வேலை செய்தார்கள். அந்த முறை தேவாலயத்துக்குள் போய், அங்கிருந்து சோல் இசைக்கு வந்தது. சிக்காகோவின் பாடகர் கேர்ட்டிஸ் மேஃபீல்ட் (1942–1999) அதைக் கறுப்பின மக்களின் உரிமைக் குரலாக்கினார். 1965இல் இம்ப்ரெஷன்ஸ் குழுவுக்காக அவர் எழுதிய ‘பீப்பிள் கெட் ரெடி’ உங்களுக்கும் பாதி தெரிந்திருக்கும்: பொப் மார்லி 1977இல் பாடிய ‘வன் லவ்’ பாட்டுக்குள் அதுவும் இருக்கிறது.

1990இல் மேடை விளக்குச் சட்டம் சரிந்து விழுந்ததில் மேஃபீல்டுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மல்லாந்து படுத்தபடி, மூச்சு இடங்கொடுத்த அளவுக்கு வரி வரியாகப் பாடி, 1996இல் ‘நியூ வேர்ல்ட் ஓடர்’ இசைத்தட்டை வெளியிட்டார். இதைவிடப் பெரிய உழைப்புப் பாட்டு எது?

உழவு இயந்திரம் வலையை இழுக்கும் கரைகளில் அம்பாவுக்குத் தேவை குறைந்துவிட்டது. கையால் இழுக்கும் வேளையில் நீங்கள் இங்கே இருந்தால், கயிற்றுக்குக் குறுக்கே போகாமல் ஓரமாக நின்று, முதல் அடி எடுப்பவரைக் கவனியுங்கள்.