ஒரு முடிச்சு, ஒரு நிறம்

காஷ்மீரில் கம்பளத் தறிக்கு முன்னால் மாதிரிப் படம் எதுவும் தொங்காது. பாவு இழைகளுக்கிடையே நீளமான காகிதத் துண்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். அதில் வரிவரியாகக் குறிகள். ஒரு குறி நிறத்தைச் சொல்லும். இன்னொன்று, அந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்று சொல்லும். இதற்குத் ‘தாலிம்’ என்று பெயர். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவது பழைய வழக்கம். இன்று அந்தக் குறிகளைக் கணினியே அச்சிட்டுத் தருகிறது.

கணினி இதில் இத்தனை எளிதாகப் பொருந்தியதில் வியப்பில்லை. திரையில் பிக்சல் எதுவோ, கம்பளத்தில் முடிச்சு அது: ஒரு கட்டம், ஒரே நிறம். அங்குலத்துக்கு 16 முடிச்சு என்றால் ஒரு சதுர அங்குலத்தில் 256. ஆறடிக்கு நாலடிக் கம்பளத்தில் 8,84,736 முடிச்சுகள். வரைந்த படத்தை மென்பொருள் நொடியில் கட்டங்களாக்கிவிடும். ஆனால் மெல்லிய கொடி அங்கங்கே அறுந்துபோகும்; குருவியின் கண் காணாமல் போகும். வடிவமைப்பாளர் திரையைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாக அவற்றை மீட்க வேண்டும். கைத்திறன் முழுக்கத் தெரிவது இந்த இடத்தில்தான் என்பேன்.

நிறம் இன்னும் கடினம். ஒளிப்படத்தில் லட்சக்கணக்கான சாயல்கள் இருக்கலாம். சாயமேற்றிய நூலுக்கோ அளவு உண்டு. எதை வைப்பது, எதை விடுவது? பாரிஸின் புகழ்பெற்ற கோபெலான் நெசவாலையில் சாயப் பிரிவை நிர்வகித்த வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் கண்ணை ஏமாற்றியது. சிவப்பின் அருகே சாம்பல் நிறம் சற்றுப் பச்சையாகத் தோன்றும். 1839இல் அவர் வெளியிட்ட நூலை ஓவியர்களும் ஆர்வமாகப் படித்தார்கள். புள்ளிகளால் வரைந்த சோரா அவர்களில் ஒருவர். நெசவாலையில் பிறந்த அறிவு ஓவியத்துக்குப் போனது. இன்றைக்கும் திரையில் தனியாகப் பார்த்து நூலின் நிறத்தைத் தேர்ந்தால் ஏமாற வேண்டியதுதான். பக்கத்து நிறத்தோடு வைத்தே பார்க்க வேண்டும்.

அசர்பைஜான் கலைஞர் ஃபாயிக் அகமது முடிச்சின் கட்ட இயல்பையே கலையாக்குகிறார். அவருடைய கம்பளங்களில் ஒரு பகுதி அந்நாட்டு மரபுக் கோலம்; மறுபகுதியில் அதே கோலம் உருகி வழியும், அல்லது பழுதான திரையில் வருவதுபோலச் சதுரங்களாகச் சிதறும். கணினியில் வடிவமைத்து அச்சிட்டதைப் பார்த்து நெசவாளர்கள் கையால் நெய்கிறார்கள். மரபுக் கோலத்தில் இடமும் வலமும் ஒத்திருக்கும்; பாதி தெரிந்தால் மீதியைக் கை அறியும். சிதைந்த கோலத்துக்கு அந்த வசதி இல்லை. கடைசி வரி முடியும்வரை ஒவ்வொரு முடிச்சையும் தாளோடு ஒப்பிட்டே போட வேண்டும்.