வீட்டு கம்ப்யூட்டர் உங்கள் போனில்... சாவி யார் கையில்?

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நிற்கிறீர்கள். போன் அடிக்கிறது. "அண்ணாச்சி, போன மாசம் அனுப்புன பேண்டேஜ் துணிக்கு பில் காப்பி வேணுமே, இன்னைக்கே கணக்கு முடிக்கணும்" என்கிறார் மதுரை வியாபாரி. பில் இருப்பது ராஜபாளையத்தில், வீட்டு கம்ப்யூட்டரின் டேலிக்குள். தூரம் சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் தேர்க் கூட்டத்தைத் தாண்டி பஸ் பிடித்துப் போய்வர அரை நாள் ஆகிவிடும்.

இந்த அரை நாளை மிச்சப்படுத்துவதுதான் 'ரிமோட் டெஸ்க்டாப்'. வீட்டு கம்ப்யூட்டரைக் கையில் இருக்கும் போனிலிருந்தே இயக்கும் வசதி.

எப்படி வேலை செய்கிறது?

வீட்டு கம்ப்யூட்டரின் திரை, இணையம் வழியாகப் படமாக உங்கள் போனுக்கு வருகிறது. நீங்கள் போனில் தொடுவதும் டைப் செய்வதும் அங்கே மவுஸ், கீபோர்டு வேலையாகப் போய்ச் சேர்கிறது. டேலி ஓடுவது வீட்டில்தான். போன் வெறும் ஜன்னல். அதனால் சாதாரண போனே போதும். இரண்டு பக்கமும் நெட் மட்டும் சீராக இருக்க வேண்டும்.

இதற்கு அடுத்த படி 'டெஸ்க்டாப் விர்ச்சுவலைசேஷன்'. இதில் கம்ப்யூட்டர் வீட்டிலேயே இருக்காது. ஏதோ ஓர் ஊரின் டேட்டா சென்டரில், மென்பொருளால் உங்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கித் தருவார்கள். மைக்ரோசாஃப்ட்டின் 'விண்டோஸ் 365' 2021-லும், ஜியோவின் 'ஜியோபிசி' 2025-லும் வந்தவை. வீட்டில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு முதல் வகையே போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

- க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப்: இலவசம். வீட்டு கம்ப்யூட்டரில் உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து இதை நிறுவி, குறைந்தது 6 இலக்க பின் நம்பர் வைத்துவிட்டால், போனில் அதே கணக்கின் மூலம் திறக்கலாம்.
- விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்: வீட்டு கம்ப்யூட்டரில் 'ப்ரோ' பதிப்பு இருக்க வேண்டும். 'ஹோம்' பதிப்பை இப்படி வெளியிலிருந்து இயக்க முடியாது.
- டீம்வியூவர், எனிடெஸ்க்: இரண்டும் ஜெர்மனி நிறுவனங்கள். சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். கடைக் கணக்குக்கு என்றால் பணம் கட்ட வேண்டும்.
- ஜோஹோ அசிஸ்ட்: தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் நம்ம ஊர் ஜோஹோவின் தயாரிப்பு.

எதைப் போட்டாலும், வீட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆகி இருந்தால்தான் வேலை நடக்கும். செட்டிங்ஸில் 'ஸ்லீப்' நேரத்தை 'நெவர்' என்று மாற்றுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை வரும் நாள் தெரிந்தால், தேவையான பில்களை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருடனுக்கும் இதே வழிதான்

2019 பிப்ரவரியில் எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே எச்சரித்தது ரிசர்வ் வங்கி. ஆப் மீது குறையில்லை; அதை மோசடிக்காரர்கள் பயன்படுத்தும் விதம்தான் சிக்கல்.

"பேங்க்ல இருந்து பேசுறோம், கேஒய்சி முடிஞ்சிருச்சு. ஒரு ஆப் போடுங்க, அதுல வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்பார்கள். நம்பரைச் சொல்லி 'அனுமதி' பட்டனைத் தொட்டால், உங்கள் திரை அவர்களுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். அதன்பிறகு ஓடிபியை அவர்கள் கேட்கவே தேவையில்லை. மெசேஜ் வந்து விழும்போதே படித்துவிடுவார்கள்.

இதில் நம் வீடுகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், "அம்மா, அந்த நம்பரைப் படிங்க, நான் இங்கிருந்தே சரி பண்றேன்" என்று பழக்கிவிடுகிறான். அதே பழக்கத்தில் நாளைக்கு வேறொருவர் கேட்டாலும் அம்மா படித்துவிடுவார். பிள்ளைக்கு உதவும் பழக்கம்தான் திருடனுக்கும் உதவுகிறது. ஆகவே முதல் பாடத்தைச் சொல்லித்தரும் அன்றே இரண்டாவதையும் சொல்லித்தர வேண்டும்.

அந்த இரண்டாவது பாடம் ஒரே கேள்விதான்: யார் யாரைக் கூப்பிட்டது? நாமாகக் கூப்பிட்டுக் கேட்டால் உதவி. அவர்களாகக் கூப்பிட்டு ஆப் போடச் சொன்னால், யாராக இருந்தாலும் போனை வைத்துவிட வேண்டும். மகன் குரல் மாதிரியே இருந்தாலும், புது நம்பர் என்றால் வைத்துவிட்டு, போனில் பதிந்துவைத்திருக்கும் அவன் நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும்.

ஏமாந்துவிட்டால்?

உடனே நெட்டை அணையுங்கள், இணைப்பு அறுந்துவிடும். அந்த ஆப்பை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து பேங்குக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. வெட்கப்பட்டு மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இன்று இரவே அப்பா, அம்மா போனை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். எப்போதோ ஒரு அவசரத்துக்குப் போட்டு, யாரும் நீக்காமல் விட்ட ரிமோட் ஆப் ஏதாவது இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.